லைப்ரரி காணவில்லை என்றால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

பழைய லினக்ஸ் புரோகிராம் ஒன்றைப் புதுக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து டபுள் கிளிக் செய்கிறீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை. டெர்மினல் விண்டோவைத் திறந்து அங்கே இயக்கினால், இன்ன லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. உடனே சிலர் "லினக்ஸே இப்படித்தான்" என்று கையை உதறிவிடுகிறார்கள். சிலர் அந்த ஃபைலின் பெயரை இன்டர்நெட்டில் தேடி, எங்கோ கிடைத்ததை டவுன்லோட் செய்து போடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாதது. உங்கள் கம்ப்யூட்டரில் பழுது எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்பது அந்த வரியிலேயே எழுதியிருக்கிறது.

லைப்ரரி என்றால் என்ன? எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைத் திறப்பது, இன்டர்நெட்டில் ரகசியமாகத் தகவல் அனுப்புவது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி வைத்து எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸில் டிஎல்எல் என்று பார்த்திருப்பீர்கள். லினக்ஸில் அதே வேலையை எஸ்ஓ என்று முடியும் ஃபைல்கள் செய்கின்றன. இதனால் பெரிய லாபம் உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, அந்த ஒரு லைப்ரரியைப் புதுப்பித்து மறுபடி இயக்கியதும், அதைப் பகிர்ந்து பயன்படுத்திய எல்லாப் புரோகிராம்களும் ஒரே நேரத்தில் சரியாயின.

ஆனால் பொதுச் சொத்தில் ஒரு சங்கடம் உண்டு. அது மாறினால் எல்லோரும் மாற வேண்டும். லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். அந்த எண் மாறிவிட்டால், பழையதை நம்பிய புரோகிராம் புதியதோடு பேசாது என்று அர்த்தம். லினக்ஸின் கெர்னலும், ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியும் பழைய புரோகிராம்களைக் கைவிடாமல் இருக்க மிகவும் பாடுபடுகின்றன. நடுவில் இருக்கும் மற்ற லைப்ரரிகளிடம்தான் அந்தப் பொறுமை குறைவு.

எங்கள் தென்னேரியில் என் சித்தப்பா தறிகளுக்குப் பாவும் சரிகையும் கொடுத்து நெசவு வாங்குபவர். யாருக்கு எவ்வளவு முன்பணம், எவ்வளவு கூலி, எத்தனை சேலை பாக்கி என்ற கணக்கெல்லாம் 2009-ல் ஒருவர் எழுதிக் கொடுத்த லினக்ஸ் புரோகிராமில் இருந்தது. எழுதியவர் எங்கே என்று இன்று தெரியாது. சோர்ஸ் கோடும் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் உயிரை விட, கணக்கைப் புதியதற்கு மாற்றினோம். புரோகிராமை இயக்கினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. "ஏம்ப்பா, ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைங்குதே!" என்றார் சித்தப்பா.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அது 32 பிட் புரோகிராம். புதுக் கம்ப்யூட்டரில் இருப்பது 64 பிட் லினக்ஸ். 'இல்லை' என்று லினக்ஸ் சொன்னது புரோகிராமை அல்ல, அதை மெமரியில் ஏற்றி வைக்கும் 32 பிட் லோடரை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் 32 பிட் பேக்கேஜ்களையும் ஏற்கும்படி ஒரு கட்டளை கொடுத்து, அடிப்படை லைப்ரரியின் 32 பிட் பதிப்பை இன்ஸ்டால் செய்தால் இது தீரும். இந்த வசதியே ஒருமுறை போகவிருந்தது. 2019-ல் உபுண்டு 32 பிட் பேக்கேஜ்களை நிறுத்தப் போவதாக அறிவித்து, ஸ்டீம், ஒயின் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் எதிர்த்த பிறகு, தேவையான சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டது.

அடுத்து எல்டிடி என்ற கட்டளை. புரோகிராமின் பெயரோடு இதைக் கொடுத்தால், அதற்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிட்டு, இல்லாதவற்றுக்கு எதிரே இல்லை என்று காட்டும். (நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த புரோகிராமில் இதைச் சோதிக்காதீர்கள், சில சமயம் எல்டிடி அந்தப் புரோகிராமையே இயக்கிவிடும்.) சித்தப்பாவின் புரோகிராமுக்கு இல்லாதது க்யூடி 3. அது இன்றைய டெபியனில் இல்லை. அதற்கு அடுத்து வந்த க்யூடி 4-ஐயே 2021-ல் வந்த டெபியன் 11-இல் எடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் பலர் ஒரு குறுக்கு வழிக்குப் போகிறார்கள். புது லைப்ரரிக்குப் பழையதன் பெயரில் ஒரு லிங்க் கொடுத்து ஏமாற்றுவது! 240 கொக்கி ஜக்கார்டுக்கு அடித்த அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் புட்டா விழுமா? லிப்பிஎன்ஜி போன்ற சில லைப்ரரிகள் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அது நல்லது. எதுவும் சொல்லாமல் தப்பான விடை தருகிற லைப்ரரிதான் ஆபத்து. முன்பணக் கணக்கில் ஒரு இலக்கம் மாறினால், அந்தப் பாரம் ஒரு நெசவாளி தலையில் விழும்.

நாங்கள் செய்தது இது. டெபியன் தன் பழைய பதிப்புகளை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறது. 2011-ல் வந்த டெபியன் 6-இன் 32 பிட் பதிப்பை அங்கிருந்து எடுத்து, விர்ச்சுவல்பாக்ஸில் கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டராக நிறுவினோம். க்யூடி 3-உம் அதே காப்பகத்தில் இருக்கிறது. இவ்வளவு பழைய சிஸ்டத்தில் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வராது. அதனால் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்தோம். புரோகிராம் திறந்தது. கணக்கு முழுவதையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுத்து, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஏற்றினோம். இரண்டு நாள் மாலை ஆனது. அதன் பிறகு பழைய புரோகிராமைப் புது லினக்ஸில் ஓட வைக்கும் முயற்சியை விட்டுவிட்டேன். நமக்கு வேண்டியது கணக்குதானே!

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை ஒரு வீட்டோடு நிற்காது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு அதையும் போட்டுக் கொடுத்தார்கள். அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால் மேலே சொன்ன வழிகள் அதற்கும் பொருந்தும். அந்த லேப்டாப்கள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. உள்ளே பிள்ளைகள் செய்த புராஜெக்டுகளும் இருக்கும்.

பழி யார் மீது? லைப்ரரியை மாற்றியவர்கள் மீது நான் போட மாட்டேன். ஹார்ட்பிளீட் போன்ற ஓட்டைகளோடு யாரும் காலம் தள்ள முடியாது. சோர்ஸ் கோடு கொடுத்திருந்தால், கொஞ்சம் திருத்தி, புது லைப்ரரிக்கு ஏற்ப மறுபடி கம்பைல் செய்ய வழியாவது இருந்திருக்கும். இயங்கும் ஃபைலை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான் குற்றவாளி. கடைக்கோ பள்ளிக்கோ புரோகிராம் எழுதி வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் சோர்ஸ் கோடை ஒரு சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்க வேண்டும். தர முடியாது என்றால், வேண்டிய பெரும்பாலான லைப்ரரிகளைக் கூடவே கட்டித் தரும் ஆப்இமேஜ் வடிவத்திலாவது கேளுங்கள். ஃபைல் பெரிதாகும்; உள்ளே இருக்கும் லைப்ரரி தானாகப் புதுப்பிக்கப்படாது. இன்டர்நெட்டைத் தொடாத கணக்குப் புரோகிராமுக்கு இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் இந்த வாரமே அதை ஆன் செய்யுங்கள். முக்கியமான புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் எல்டிடி பட்டியலை எடுத்து, லினக்ஸ் பதிப்பின் பெயரோடு பிரிண்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதே கையோடு கணக்கையும் டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுத்துவிடுங்கள்.