தேவ அன்பும் கூலிக் கணக்கும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிறிஸ்தவ சபைகளில், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என்ற பேதமின்றி வேரோடிப்போன ஓர் அபிப்பிராயத்தைக் கண்டிப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கடவுள் மனிதனை நேசிக்கிறார் என்பதை இங்கே யாரும் மறுப்பதில்லை. ஆனால், அந்த நேசம் அவனவன் ஜெபித்த நேரத்துக்கும் நோற்ற உபவாசத்துக்கும் செலுத்திய தசமபாகத்துக்கும் ஏற்ப அளந்து தரப்படுகிறது என்றும், நிரந்தர வேலையும் சொந்த வீடும் அது கிடைத்ததற்கு அத்தாட்சி என்றும், வேலை போவதும் நோய் வருவதும் அது விலகிவிட்டதற்கு அறிகுறி என்றும் பெரும்பாலோர் உள்ளூர நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமன்று, கிறிஸ்து போதித்ததற்கு நேர் விரோதமானது என்பதே என் கட்சி.

இந்த நம்பிக்கை இம்மண்ணில் இவ்வளவு எளிதாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை பிறந்து, அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஓசூரில் வேரூன்றி, இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் வரையில் வந்துவிட்ட இந்த வட்டாரத்துக்கு, தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும்கூடப் பிழைப்புத் தேடி வந்து, மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் லைன் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருப்பவர்களில் மிகப் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வருகைப் படி போய்விடும். சூப்பர்வைசர் முகம் சுளித்தால் அடுத்த தவணை ஒப்பந்தம் வராது. வாரத்தில் ஆறு நாளும் இப்படிக் கணக்குக்குள் அகப்பட்டு வாழ்கிறவன், ஏழாம் நாளில் கடவுளையும் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவராகக் கற்பனை செய்துகொண்டால், அவன்மேல் எனக்கு இரக்கமே உண்டாகிறது. என் கண்டனம் அவன்மேல் அன்று. அந்தக் கற்பனையைப் பிரசங்க பீடத்திலிருந்து உறுதிப்படுத்துகிறவர்கள்மேல். சாட்சி சொல்லும் நேரத்தில் பெர்மனென்ட் ஆனவர் எழுந்து நின்று ஸ்தோத்திரம் செலுத்துகிறார், அல்லேலூயா முழங்குகிறது. ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பப்பட்டவனை அழைத்துச் சாட்சி சொல்லக் கேட்ட சபையை நான் இதுவரை கண்டதில்லை.

ஒரு லைன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மின்னணுப் பாகங்கள் சேர்க்கும் வேலையில் ஒப்பந்தக் காலம் முடிந்து அனுப்பப்பட்ட ஒரு பெண், இருபது வயதுக்குமேல் இராது, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் கையுறைக்குள் இருந்து இருந்து அவளது விரல் நுனிகளில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. ஜெபத்தை நடத்தியவர் கனிவாகவே கேட்டார்: "ஏம்மா, கர்த்தருக்கு முன்னால மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடும்மா." அவள் சற்று யோசித்துவிட்டு, "ஐயா, நைட் ஷிப்ட்னால ரெண்டு ஞாயிறு சபைக்கு வரல. அதுக்காகவாங்க ஐயா?" என்றாள். அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி விபரீதமாகப் படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. உழைத்த காரணத்துக்காகவே தன்னைக் கடவுள் கைவிட்டாரோ என்று ஒரு பெண்பிள்ளை அஞ்சும்படி செய்கிற போதனைக்குச் சுவிசேஷம் என்று பெயரிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவனுடையதும் அன்று, இவனைப் பெற்றவர்களுடையதும் அன்று என்று இயேசு மறுத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை அவரே எடுத்துப் பேசி, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்று எச்சரித்தார். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து அக்கம்பக்கத்துக் கட்டடங்களையும் சரித்ததும், அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று மாநில எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில், கூலிக்குப் போயிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் கருகிப்போனதும் நமக்குச் சீலோவாமை விடத் தூரமானவை அல்ல. திராட்சத் தோட்டத்து உவமையோ நம் ஊருக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது. பொழுது சாயும்வரை சந்தைவெளியில் நின்றவர்கள், எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் அல்லர், அழைக்கப்படாதவர்கள். ஒரு மணி நேரமே உழைத்த அவர்களுக்கும் எஜமான் முழு நாள் கூலியைக் கொடுத்தபோது, அதிகாலையில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இந்த உவமையை ஆண்டுதோறும் வாசித்துக்கொண்டே நாம் முணுமுணுத்தவர்களின் பக்கம் சேர்ந்திருக்கிறோம்.

வினைப்பயன் என்ற எண்ணம் நம்மவர் இரத்தத்தில் ஊறியது, ஆகையால் இலவசமான கிருபை அவர்கள் புத்தியில் ஏறாது என்று சில போதகர்கள் சமாதானம் சொல்வதுண்டு. தமிழ் நாட்டின் சமய வரலாற்றை அறிந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஜீவன் இறைவனைப் பற்ற வேண்டுமா, அல்லது பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் ஜீவனைத் தாங்குவானா என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக்கணக்காக வாதித்த மண் இது. ஜெர்மானிய இறையியலர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதும் அளவுக்கு அந்த வாதம் ஆழமானது. கைம்மாறு கருதாத அருள் என்பது நம்மவருக்குப் புதிய பாஷையன்று.

அன்பு இலவசம் என்று சொல்லிவிட்டால் மக்கள் ஒழுக்கத்தில் தளர்ந்துவிடுவார்கள் என்ற ஆட்சேபணையும் பழையதுதான்; ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே அதை எடுத்து மறுத்திருக்கிறார். எர்ஃபுர்ட் மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் மனச்சாந்தி பெறாத சீர்திருத்தவாதி லூதரை அச்சம் பரிசுத்தராக்கவில்லை. அது அவரைக் கடவுளை வெறுக்கும் விளிம்புவரை கொண்டுபோயிற்று என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அஞ்சி நடக்கிறவன் கண்காணிப்பு உள்ளவரைதான் நடப்பான். நேசிக்கப்படுகிறோம் என்று அறிந்தவனோ, கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரனின் சுமையைத் தூக்குவான்.

ஆனாலும் இந்த அன்பை ஏற்றுக்கொள்வது சுலபமன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சம்பாதித்ததை மட்டுமே தனதென்று எண்ணிப் பழகிய கைக்குச் சும்மா தரப்படுவதை வாங்கக் கூசும். அந்தக் கூச்சம் ஒரே பிரசங்கத்தில் தீராது, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லவே தீரும். திருவிருந்துக்கு முன்செல்லும்போது பெர்மனென்ட் ஆனவரும் காண்ட்ராக்ட் முடிந்தவரும் ஒரேமாதிரி வெறுங்கையைத்தானே நீட்டுகிறார்கள்! சபை கற்றுக்கொடுக்க வேண்டியது அந்த வெறுங்கையின் தைரியத்தை.

ஆகவே இவ்வட்டாரத்துப் போதகர்களையும் குருமாரையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: வேலை இழந்த ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் அவருடைய பாவத்தை விசாரிக்காதீர்கள், இந்த மாத வாடகைக்கும் அரிசிக்கும் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல அவரையே முதலில் அழையுங்கள்.