பொருந்துவதெல்லாம் உரியதன்று: பழைய ஹெரால்டின் முன்சக்கரங்களை முன்வைத்து

பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி ஒலிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: "மாட்டிப் பார்த்தாயிற்று, உட்கார்ந்துவிட்டது." இருக்கைத் துணிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் இத்தீர்ப்பு போதுமானது. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஒரு பாகத்துக்கு அது போதாது. ஒரு பாகம் பொருந்துவது வேறு. அது அந்த இடத்துக்கு உரியதாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்த வண்டிகளே நேர்ச்சாலையில் ஒருபக்கம் இழுக்கின்றன, டயரின் ஓரத்தைத் தின்கின்றன, ஒருநாள் வளைவில் சக்கரம் மடங்கி நிற்கின்றன.

இதற்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியாவில் இல்லை. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 1960களின் தொடக்கம் முதல் சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை இங்கே தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவான வடிவம். பின்னர் கெஸல் என்ற பெயரில் தொடர்ந்த அவ்வரிசை 1970களின் இறுதிக்குள் நின்றுபோயிற்று. அன்றோடு புதிய உதிரிபாகங்களின் ஊற்றும் வற்றத் தொடங்கியது.

சிக்கலின் வேர் ஹெரால்டின் குடும்ப உறவில் இருக்கிறது. அதன் அடிச்சட்ட அமைப்பிலிருந்தே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் காரும், ஆறு சிலிண்டர் கொண்ட வைட்டெஸ்ஸும், 1966இல் ஜி.டி.6 என்ற காரும் பிறந்தன. லோட்டஸ் நிறுவனம்கூடத் தன் எலான் காரின் முன்பக்கத்துக்கு ட்ரையம்ப்பின் பாகங்களை எடுத்துக்கொண்டது. ஆகவே இக்குடும்பத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று முகம் ஒத்திருக்கும். பல இடங்களில் ஒன்றின் துளையில் மற்றொன்றின் போல்ட் ஏறும். ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சினின் கனத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட சுருளும் அச்சுமுனையும் நான்கு சிலிண்டர் வண்டிக்கு உரியவை அல்ல. டிரம் பிரேக் பூட்டும் முன்பக்கமும் டிஸ்க் பிரேக் பூட்டும் முன்பக்கமும் ஒன்றல்ல.

அமைப்பு எளியதுதான். மேலும் கீழும் இரண்டு விஷ்போன் கரங்கள். அவற்றின் வெளிமுனைகளை இணைத்து நிற்பது வெர்டிகல் லிங்க் எனப்படும் எஃகு நிலைத்தண்டு. அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட். கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, ட்ரனியன் எனப்படும் செம்புக்கலவைக் கட்டைக்குள் அது திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரையே திரும்புகிறது. இரு பக்கங்களிலும் மரை எதிரெதிர்த் திசைகளில் வெட்டப்பட்டிருக்கும். இடப்பக்கத்துத் தண்டையும் ட்ரனியனையும் ஒன்றாகக் கழற்றி வலப்பக்கத்தில் ஏற்றினால் அவை தமக்குள் கச்சிதமாகப் பொருந்தியே இருக்கும். கண்ணுக்குக் குறை தெரியாது. பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறையைப் போன்ற எல்லையூர்களில் இக்குழப்பம் பெருகுவதற்கு இடம் அதிகம். மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சி, வடகிழக்கே வேலந்தாவளத்தைக் கடந்தால் கோவை. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரில் ஒரு பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேட வேண்டுமானால் மூன்று வழிகள் உண்டு. உடைத்து விற்கப்படும் பழைய வண்டி ஒன்று. கோவையின் லேத் பட்டறை இரண்டு. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்படும் புதிய பாகம் மூன்று. முதலாவதில், பாகம் எந்த வண்டியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெரியாது. இரண்டாவதில் அளவு துல்லியமாக இருக்கும், உலோகம் எது என்பது தெரியாது. மூன்றாவதில் பாகம் நல்லதாகவே இருக்கும். அது ஸ்பிட்ஃபயருக்கென்றோ ஜி.டி.6க்கென்றோ செய்யப்பட்டதாக இருக்கலாம். மூன்று வழிகளிலும் வந்த பாகங்கள் ஒரே முன்பக்கத்தில் கூடும்போது வண்டி எந்த வண்டியும் அல்லாததாகிறது.

அப்படிப்பட்ட வண்டி பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் நடப்பது வீல் அலைன்மென்ட். இங்கேதான் முதல் தவறு நிகழ்கிறது. அலைன்மென்ட் இயந்திரம் கோணத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. கீழ்க்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகளுக்குப் பின்னால் ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சக்கரத்தின் சாய்வைத் திருத்த முடியும். சிறு வேறுபாட்டைச் சரிசெய்வதற்காக ஏற்பட்ட அந்த வசதி, தவறான பாகத்தை மூடிமறைக்கும் திரையாகப் பயன்படுகிறது. ஒரு பக்கத்தில் ஒரு தகடும் மறுபக்கத்தில் ஐந்து தகடுகளும் இருந்தால், அது திருத்தமன்று, வாக்குமூலம்.

சரியான வரிசை வேறு. முதலில் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபக்க உயரத்தையும் அளந்து எழுத வேண்டும். வண்டி ஒருபக்கம் சாய்ந்திருந்தால், குற்றம் முன்பக்கத்தினுடையதா பின்பக்கத்தினுடையதா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு, குறுக்குக் கம்பியான ஆன்ட்டி ரோல் பார் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தை நடுமையத்தில் ஒற்றை ஜாக்கியால் தூக்கிப் பார்ப்பது பழைய, செலவற்ற வழி. அப்போதும் சாய்வு மாறாவிட்டால் குற்றம் முன்பக்கத்தில். அடுத்து இரு சுருள்களையும் இடம் மாற்ற வேண்டும். சாய்வும் கூடவே இடம் மாறினால் சுருள் குற்றவாளி. மாறாவிட்டால் கரமோ தாங்கியோ அடிச்சட்டமோ.

சுருளை உயரத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுவது பெரும்பிழை. சுருளின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் ஒன்றாக இருக்க, 11 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் கம்பி இருந்தால் விறைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் காணாது, வெர்னியர் காணும். கம்பித் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் விட்டம், கழற்றிவைத்த நிலையில் உயரம் ஆகிய நான்கையும் இருபக்கமும் அளக்காமல் "சுருள் சரிதான்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அதன்பின் நிலைத்தண்டுகளின் மரைத்திசை, ஸ்டீயரிங் கரங்களின் நீளம், பூட்டும் முறை. ஸ்டீயரிங் கரங்கள் வேறுபட்டால் வண்டி நேராக நிற்கும்போது அளவு சரியாக இருக்கும். திருப்பும்போது மட்டும் இடவளைவும் வலவளைவும் ஒத்துவராது. ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி தூக்கிநிற்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை உயர்த்தி நிறுத்தும். சரியான பாகமும் தவறான பாகத்தைப் போல நடந்துகொள்ளும். வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கம்.

ட்ரனியனுக்குக் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. பழக்கத்தால் பலர் கிரீஸ் அடிக்கிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி மரைக்குள் எண்ணெய்ப் பசை பரவாமல் தடுக்கிறது. நீர் புகுந்து துரு பிடிக்கிறது. தண்டு மரை தொடங்கும் இடத்தில் விரிசல்விட்டு ஒருநாள் முறிகிறது. லேத்தில் கடைந்த தண்டுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கோவைக் கடைசல்காரரின் கைத்திறனில் ஐயமில்லை. ஆனால் அடித்து உருவாக்கிய எஃகின் வலிமை, பெயர் தெரியாத கம்பியிலிருந்து கடைந்தெடுத்த பாகத்துக்கு வந்துவிடாது.

"இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறதே" என்பது வழக்கமான மறுமொழி. உலோகச் சோர்வு முன்னறிவிப்பின்றிச் சேர்வது. நேற்றுவரை ஓடியது என்பது நாளைக்கான சான்று ஆகாது. எதிர்த்திசையில் "அசலைத் தவிர வேறெதுவும் கூடாது" என்பாரும் உண்டு. அதுவும் சரியன்று. தேய்ந்த அசல் தண்டைவிட, தரமறிந்து செய்த புதிய தண்டு நன்று. தேவை அசல் என்ற முத்திரையன்று. இருபக்கமும் ஒத்த, ஒரே வண்டிக்கு உரிய, தோற்றுவாய் தெரிந்த பாகங்கள்.

சட்டமும் இவ்விடத்தில் துணைக்கு வருவதில்லை. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்து அசல் நிலையில் பேணப்படும் வாகனங்களை வின்டேஜ் என வரையறுத்து, 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை ஏற்படுத்தியது. அது பேசும் பெரிய மாற்றங்கள் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் பற்றியவை. இடப்பக்கத்தில் ஒரு வண்டியின் சுருளும் வலப்பக்கத்தில் மற்றொன்றின் சுருளும் கொண்ட ஹெரால்டு, பளபளக்கும் வண்ணத்தோடு அந்தப் பதிவெண்ணைத் தாங்கி ஊர்வலத்தில் செல்லலாம். மரபைக் காப்பது என்பது மேற்பூச்சைக் காப்பதாகச் சுருங்கிவிட்டது.

பழியைப் பட்டறைக்காரர்மேல் போடுவது எளிது, நியாயமன்று. முந்தைய உரிமையாளர்கள் எதை எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு அவர் கைக்கு வருவதே இல்லை. அவருக்குக் கிடைப்பது "முன் சஸ்பென்ஷன் வேலை" என்ற ஒற்றை வரிப் பற்றுச்சீட்டு. அளந்து பார்க்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்க உரிமையாளர் தயங்குகிறார். மாட்டும் நேரத்துக்கு மட்டும் கொடுக்கிறார். அளக்காத பட்டறையை உருவாக்கியது அந்தத் தயக்கமே.

உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டபோது, எந்த ஏடு எவரிடமிருந்து கிடைத்தது என்பதையும் பதிந்துவைத்தார்கள். பழைய வண்டிக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் படம், அது எந்தப் பக்கத்துக்குரியது, எங்கே வாங்கியது, நான்கு அளவுகள், மாற்றிய நாள்: நாற்பது பக்க நோட்டு போதும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். வண்டி கைமாறும்போது சாவியோடு அந்த நோட்டும் கைமாற வேண்டும். அது இல்லாத வண்டிக்கு விலை குறைத்துப் பேச வாங்குபவர்கள் பழகினால், எழுதிவைக்க விற்பவர்கள் தாமே பழகுவார்கள்.