கிணறு இல்லாதவர்களின் வழக்கு

தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை வேலூர் வழக்கு என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் நம் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆய்வு நடத்தியது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு இந்த எண்களைத் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அறிவித்தது.

அப்படி ஒரு கணக்கை எடுக்க முடிந்தது ஏன் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிணறு ஓரிடத்தில் இருக்கும். அதற்குச் சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, சொந்தக்காரர் உண்டு. ஒரு வாளி இறைத்து அதிகாரி முன் வைத்தால் நிறமும் வாடையுமே பாதி சாட்சி சொல்லிவிடும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவரின் உடம்புக்கு இப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. தீர்ப்பின் மையத்தில் நிலமும் நீரும் நின்றன. அது சரியான தீர்ப்பு, தேவையான தீர்ப்பு. ஆனால் மாசு என்றவுடன் நிலம் வைத்திருப்பவரின் இழப்பை மட்டும் எண்ணும் பழக்கம் நமக்கு அப்போதிருந்தே வந்துவிட்டது. இன்று திண்டுக்கல் சமவெளியில் அந்தப் பழக்கத்தால் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள் வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இருக்கிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் போனால் வரிசையாக மில்கள். உள்ளூர்ப் பெண்களை ஏற்றிவர வேன்கள் கிராமம் கிராமமாகப் போய்வருகின்றன. முன்பு வெளிமாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்து அது பெயரளவில் ஒதுங்கிய பின்னும் விடுதி முறை போகவில்லை. ‘கேம்ப் கூலி’ என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த விடுதிகளில் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள்.

பஞ்சு பேல்களை உடைக்கும் இடத்துக்குப் புளோரூம் என்று பெயர். அங்கேயும் அடுத்துள்ள கார்டிங் பிரிவிலும்தான் தூசி மிக அதிகம். ஷிப்ட் முடிந்து வருகிறவரின் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சை விட, தெரியாமல் நெஞ்சுக்குள் போகும் நுண்தூசிதான் ஆபத்து. பைசினோசிஸ் என்னும் நோய் அதனால் வருகிறது. அதன் தொடக்க அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்த நாள் குறைந்துவிடும். அதனால் தொழிலாளி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் இறுகத் தொடங்கும். தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் தேறலாம். முற்றிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

சட்டத்துக்கு இந்த நோய் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது இடம்பெற்றது. கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தடுப்பதற்கு வழியும் உண்டு. அமெரிக்கா 1978இல் பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்தது. நூல் நூற்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம். ஆலை முதலாளிகள் எதிர்த்து வழக்காடி 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன, நோய் வேகமாகக் குறைந்தது. தொழில்நுட்பம் நம்மிடமும் இருக்கிறது. நோயைப் பதிவு செய்வதில்தான் சிக்கல். ஒடிசாவிலிருந்து வரும் இளைஞர் இரண்டு, மூன்று ஆண்டுகள் புளோரூமில் நின்றுவிட்டு ஊர் திரும்புகிறார். அங்கே இருமினால் ஊர் மருத்துவர் காசநோய்க்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எழுதித் தருவார். திண்டுக்கல் மில்லின் பெயர் எந்தச் சீட்டிலும் வராது.

இந்த நிலை நமக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா வயல் வேலைக்கு மெக்சிகோவிலிருந்து ஆள் எடுத்தது. 1942 முதல் 1964 வரை நீடித்த ‘பிராசெரோ’ திட்டத்தில் 45 லட்சத்துக்கும் அதிகமான ஒப்பந்தங்கள் போடப்பட்டன. எல்லையில் வந்திறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி முகத்தில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை அடித்தார்கள். 1956இல் எடுக்கப்பட்ட புகைப்படமே அதற்குச் சாட்சி. ஒப்பந்தம் முடிந்தால் திருப்பி அனுப்பலாம் என்பதால், வந்தவரின் உடம்பு யாருடைய பொறுப்பாகவும் இல்லை. 2019இல் அங்கே இன்னொரு விதமாக அது தொடர்ந்தது. அரசு உதவி பெற்றால் குடியேற்ற உரிமை மறுக்கப்படலாம் என்ற விதி வந்ததும், அது பொருந்தாத லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள்கூட அச்சத்தில் மருத்துவத் திட்டங்களை விட்டு விலகின.

நம் ஊர் மில்லில் இருப்பவர் இந்தியக் குடிமகன். நாடு கடத்தும் அச்சம் அவருக்கு இல்லை. ஆனாலும் இங்கே அவருக்கு ஓட்டு இல்லை, மொழி தெரியாது, விடுதிக்கு வெளியே ஒரு முகவரி இல்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. வதந்தி அடங்கியது, குழு திரும்பிப் போனது. அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பார்க்க எந்தக் குழுவும் அப்படி அவசரமாக வரவில்லை. ‘வடக்கன்’ என்று நம்மவர்கள் ஏளனமாகச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் ‘கூலி’ என்ற பேரில் நம் முன்னோர் பட்ட அவமானத்தை அவ்வளவு எளிதாக மறந்துவிட முடியுமா?

கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் 1965இல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்க, சீசர் சாவெசும் டோலரெஸ் ஹுயெர்டாவும் வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். 1970இல் தோட்ட முதலாளிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் கூலியோடு டிடிடிக்கான தடையும் இருந்தது. அமெரிக்க அரசு டிடிடியைத் தடை செய்தது அதற்குப் பிறகு, 1972இல். சிறுமலை அடிவாரத்தில் திராட்சை விளைவிக்கும் நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. பொருளை வாங்குபவரை ஒப்பந்தத்துக்குள் இழுத்த அந்த வழி இங்கேயும் ஒருமுறை பலித்திருக்கிறது. இம்மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற உலக நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லையைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆலைக்குள்ளேயே பெண் தொழிலாளர்கள் கைக்கு வந்தது. அந்த ஒப்பந்தம் தூசியைத் தொடவில்லை. அடுத்த ஒப்பந்தம் தொடலாம்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 2022 செப்டம்பரில் 321 வீடுகளை முதல்வர் திறந்துவைத்தார். நல்ல வீடுகள். அங்கே இருப்பவர்களில் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. முகாம் ஆண்களில் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் ஏராளம். அந்த நெடியும் சுரண்டிய சுவரின் தூசியும் நெஞ்சைக் கெடுத்தால், தினக்கூலிக்காரருக்கு இஎஸ்ஐ அட்டை ஏது? குடியுரிமை கேட்கும் மனுவை நாம் உணர்ச்சி அரசியலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அது உடல்நலக் கோரிக்கையும்கூட.

மாவட்ட நிர்வாகம் இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். புளோரூமிலும் கார்டிங்கிலும் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை நடத்தலாம். முடிவை ஒடியாவிலோ இந்தியிலோ எழுதி அவர் கையிலேயே கொடுக்க வேண்டும், ஊர் திரும்பும்போது அவர் கொண்டுபோவதற்காக. வேடசந்தூர் அரசு மருத்துவமனையில் அவர்கள் மொழி பேசும் ஒருவர் உட்கார வேண்டும். ஆலைக் காற்றின் அளவை எடுத்து வாசலில் எழுதிப் போட வைக்க வேண்டும். 30 ஆண்டுகளுக்கு முன் 467 கிணறுகளை எண்ண முடிந்த மாவட்டம் இது. வேடசந்தூர் வட்டத்து மில் தொழிலாளர்களின் நுரையீரலை எண்ணத் தொடங்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன்.