யார் பெண்? கேட்பவன் யார்?

அனந்தபுரம் மாதிரி பேரூராட்சியில் பெண்கள் வார்டு என்று அறிவித்ததும் கட்சிக்காரன் கேட்பது, 'யாரோட பொண்டாட்டி?' ஜெயித்தபின் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டம் கண்டுக்காது. மத்தியப் பிரதேசம் கட்னியில், பெண்களுக்கான மேயர் பதவியில் மக்கள் ஓட்டால் ஜெயித்த திருநங்கை கமலா ஜானிடம் மட்டும் 'நீ ஆம்பளை' என்றது. பதவிப் பறிப்பை 2003இல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்சநீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2014 ஆயிற்று. (கூவாகத்துக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் இதை எழுதமாட்டார்கள்.)

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்களே, அவர் பெண்ணில்லை என்று எவனாவது சொன்னானா? பெண்தான், நாற்காலி மட்டும் கிடையாது! அங்கே சட்டம் இழுத்தது, இங்கே சாதி இழுத்தது.

2023 சட்டம் தனித்தொகுதியிலும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்கிறது. அதற்குச் சேரியிலிருந்து ஒரு திருநங்கை மனு போட்டால், தோழர்களே, நாம முதலில் என்ன கேட்போம்?