ஆர்ட்டிசோக்: மொட்டிலேயே பறித்தால்தான் சாப்பாடு!

வாழைப்பூ ஆயத் தெரிந்தவர்களுக்கு ஆர்ட்டிசோக் புதிதாகத் தோன்றாது. இதுவும் பூ மொட்டுதான். மடல் மடலாக உரித்து, வேண்டாததை நீக்கித்தான் சாப்பிட வேண்டும். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடி, இன்று அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான காஸ்ட்ரோவில்லில் வயல் வயலாக விளைகிறது. கோடையிலும் கடலிலிருந்து வரும் பனிமூட்டம் வெயிலைத் தணிப்பதே காரணம்.

நடவு

செடி 3 முதல் 4 அடி உயரம் வளரும். அதே அளவு அகலமாகப் பரவும். எனவே செடிக்குச் செடி 4 அடி இடைவெளி தேவை. மட்கிய உரம் நிறைய வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

குளிர் முக்கியம்

இளஞ்செடிக்குச் சுமார் இரண்டு வாரமாவது 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் கிடைத்தால்தான் மொட்டு வரும். சென்னை வெயிலில் இலைதான் மிஞ்சும். ஊட்டி, கொடைக்கானலில் முயன்று பார்க்கலாம். 'இம்பீரியல் ஸ்டார்' ரகம் விதைத்த வருடமே மொட்டு விடும். 'கிரீன் குளோப்' பெரும்பாலும் அடுத்த வருடம்தான். வெறும் இலையாக இருக்கிறதே என்று அவசரப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது. அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பறிக்கும் நேரம்

நடுத்தண்டின் உச்சியில் வரும் முதல் மொட்டுதான் பெரியது. மடல்கள் இறுக்கமாக மூடியிருக்கும்போதே, கொஞ்சம் தண்டோடு வெட்ட வேண்டும். மடல் விரியத் தொடங்கினால் நார் பாய்ந்துவிடும். விட்டுவிட்டால் அழகான ஊதாப்பூ மலரும். தேனீக்களுக்கு விருந்து, வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை!

சமையல்

வெட்டிய இடம் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு தடவி, மடல் சுலபமாகக் கழன்று வரும்வரை ஆவியில் வேகவைக்க வேண்டும். ஒவ்வொரு மடலின் அடியிலுள்ள சதையையும் வெண்ணெயில் தொட்டு, பல்லால் வழித்துச் சாப்பிடுவார்கள். வாழைப்பூவில் கள்ளனை நீக்குவதுபோல, நடுவிலுள்ள முடி போன்ற பகுதியைச் சுரண்டி எறிந்தால், அடியில் இருப்பதுதான் மிக ருசியான பகுதி. சாப்பிட்டதும் தண்ணீர் குடித்தால், நெல்லிக்காய் தின்றதுபோல் சிலருக்கு இனிக்கும்.

காய்ப்பு முடிந்ததும் தண்டைத் தரையோடு வெட்டிவிடலாம், மறுபடி துளிர்க்கும். பக்கக் கன்றுகளை வாழைக்கன்றுபோல் பிரித்து நடலாம். கவனித்துக்கொண்டால் ஒரே செடி நான்கைந்து வருடம் பலன் தரும்.