கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பெற்றோர் சங்கம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம்.
பெறுநர்: அரசுச் செயலாளர், பள்ளிக் கல்வித் துறை, சென்னை.
வழி: மாவட்ட ஆட்சித் தலைவர், விருதுநகர்.

ஐயா,

வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளமும் மிளகாயும் மல்லியும் போடும் எங்கள் கரிசல் சீமையில், மழை பொய்த்தால் குடும்பம் பிழைப்புத் தேடிக் கிளம்புவது பழைய கதை. முன்பு கரிமூட்டத்துக்குப் போன பிள்ளையை இன்று நூற்பாலையும் திருப்பூர் பனியன் கம்பெனியும் கூப்பிடுகின்றன. தீப்பெட்டி ஆபீஸ் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் (2009) பிள்ளையைக் கைவிடுவதும் இந்த வேலைகள் கூப்பிடும் வயதில்தான், 14-இல். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதற்கு மேல் அபாயகரமான தொழில்களை மட்டுமே தடுக்கிறது.

அரசுப் பள்ளியில் 12-ஆம் வகுப்பு வரை கட்டணம் இல்லை, பஸ் பாஸ் உண்டு, பிறகு சட்டம் எதற்கு என்று கேட்கலாம். இடைநின்றவர்களைத் தேடும் பணி நடப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அவை திட்டங்கள். நிதி நின்றால் தள்ளாடும். 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததைப் பார்த்தோம். ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி தரவேண்டிய பங்கை அந்த நிதியோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தால் சொல்ல முடிந்தது. அந்தக் கடமை சட்டத்தில் எழுதியிருந்ததே காரணம். இடம்பெயரும் பிள்ளைக்கு உடனே டி.சி. தரவேண்டும், அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க வேண்டும் என்ற விதிகளும் எட்டாம் வகுப்போடு முடிகின்றன. ஊர் விட்டு ஊர் போகும் குடும்பத்துக்கு அவை ஒன்பதாம் வகுப்பில்தான் அதிகம் வேண்டும்.

படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள் என்பாரும் உண்டு. 1953-இல் பாதி நேரப் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டம் வந்து, காமராசர் முதல்வரான 1954-இல் கைவிடப்பட்டது. தொழிற்பயிற்சியை நாங்கள் வெறுக்கவில்லை. பள்ளிக்குள்ளே, படிப்போடு சேர்த்துத் தரட்டும். செலவைக் காட்டி மறுப்பதும் எடுபடாது: நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு என்று 1966-இல் கோத்தாரி குழு சொன்னதை 2020 தேசியக் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்கிறது. 18 வயது வரை எல்லோருக்கும் பள்ளி என்பதும் அந்தக் கொள்கையின் இலக்கே. இலக்கைச் சட்டமாக்கத் தயங்குவது ஏனோ?

ஆகவே, 18 வயது வரை சட்டத்தை நீட்டிக்க ஒன்றிய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும். கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருப்பதால், அதுவரை காத்திராமல் சேர்க்கை, டி.சி., இடைநின்றோருக்கான இணைப்புப் பயிற்சி ஆகிய உரிமைகளை 12-ஆம் வகுப்பு வரை மாநிலச் சட்டத்தால் உறுதிசெய்ய வேண்டும். இடைநின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பதில் சொல்லும் அலுவலர் ஒருவரை ஊராட்சி ஒன்றியம்தோறும் நியமிக்கவும், அறுவடை முடிந்து குடும்பங்கள் கிளம்புமுன் இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்