பார்க்கிறவள்

ரஜினியின் 'முத்து' 1998-ல் ஜப்பானில் சக்கைப்போடு போட்டது நினைவிருக்கும். அங்கே வைத்த பெயரின் அர்த்தம், 'முத்து: ஆடும் மகாராஜா'. தமிழில் ஓர் அட்சரம் தெரியாத டோக்கியோ ஜனங்கள் மாசக்கணக்கில் பார்த்தார்கள். 'நம்ம சரக்கு அவங்களுக்குப் புரியுமா சார்?' என்கிற சந்தேகமெல்லாம் நமக்குத்தான்.

சினிமாவைவிடப் பழைய சரக்கு ஒன்று செஞ்சிப் பக்கம் இருக்கிறது. தெருக்கூத்து. ராத்திரி ஆரம்பித்தால் விடிகிறவரை. தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறுவான். கடைசியில், மண்ணில் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான்; பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தலை முடிவாள்.

ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கிராமங்களில் அலைந்து, திரௌபதி வழிபாடு பற்றி இரண்டு தடித்த வால்யூம் எழுதினார். 1988-ல் வந்த முதல் வால்யூமின் தலைப்பிலேயே நம்ம ஊர்: 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை'. நமக்கு அது பஸ் நின்றால் டீ குடிக்கிற ஊர். அவருக்கு மகாபாரதம் புறப்படுகிற ஊர்!

வெளிநாட்டுக்காரர் ரசிப்பது சந்தோஷம்தான். ஆனால் அவருக்காக ஏ.சி. ஹாலில் போடும்போது ராத்திரி முழுக்க ஆடவேண்டியதை ஒண்ணரை மணியில் முடிக்கவேண்டியிருக்கிறது. பாய் விரித்துக் குழந்தையைத் தூங்கப்போட்டுவிட்டு, 'அடப்பாவி துச்சாசனா' என்று வாய்விட்டுத் திட்டுகிற கிழவி அந்த ஹாலில் கிடையாது. அவள் இல்லாவிட்டால் கூத்தில் பாதி போச்சு.

இதே வட்டாரத்தில் பனமலை. பல்லவ ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். அங்கே ஒரு சின்னச் சன்னதிச் சுவரில், கிட்டத்தட்ட 1,300 வருஷத்து ஓவியம். குடைக்குக் கீழே பார்வதி. ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்து, சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடினவர் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் நிற்கிறாள். அவள் முகத்தை வைத்துத்தான் எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்று ஊகிக்கவேண்டியிருக்கிறது.

கூத்துக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிரே உட்காரத்தான் ஆள் குறைகிறது. செல்போனில் அரை நிமிஷ ஆட்டத்தைத் தள்ளித்தள்ளிப் பார்க்கிற தம்பிமார்களே, கோடையில் செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா நோட்டீஸ் கண்ணில் பட்டால் மறுநாளைக்கு ஒரு லீவு சொல்லிவிட்டுப் போய்வாருங்கள். பனமலையையும் பகலில் பார்த்துவிடலாம். மறக்காமல் ஒரு போர்வை. நடுவில் தூங்கினாலும் பரவாயில்லை, கட்டியங்காரன் எழுப்பிவிடுவான்.